முட்டிக்குள் ஒரு சும்மாடு

 

குடும்ப நலத்துறையிலிருந்து பேச வந்திருக்கிறேன் என்றதும், "லூப்பு, மாத்திரை, ஆபரேஷன், வேற என்னத்தச் சொல்லப் போறாக" என்று பின்வரிசையில் இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பது வழக்கம். கொஞ்சம் உட்காருங்கள். இன்றைக்கு முட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். வரப்பில் நடக்கிறதும், மூட்டை தூக்குகிறதும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறதும் அந்த முட்டிதான். அது மடங்கிப் போனால் வீட்டு அடுப்பும் மடங்கிப் போகும். ஆகவே இதுவும் குடும்ப நலப் பேச்சுத்தான்.

மேலூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டது: "எங்க வீட்டுக்காரவுகளுக்கு முட்டியில ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் பண்ணியாச்சு. நல்லாத்தான் நடக்குறாக. இப்பப் போயி முட்டிக்கு ஸ்கேன் எடுக்கணும்ங்குறாக டாக்டரு. ஸ்கேனுன்னா பிள்ளை உண்டானவளுக்குல்ல எடுப்பாக? ஆம்பளை முட்டிக்கு எதுக்கு?" கூட்டமே சிரித்தது. ஆனால் கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை. இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து மதுரைக்குப் போய் வர வேண்டியவர்கள், எதற்காகப் போகிறோம் என்று கேட்கத்தான் வேண்டும்.

முதலில் இந்த 'ஜவ்வு' என்கிற வார்த்தையைப் பார்ப்போம். நம் ஊரில் முட்டிக்குள்ளே என்ன அறுந்தாலும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அங்கே இரண்டு வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் ஒன்றுக்கு ஆபரேஷன் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம்.

ஒன்று, தசைநார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கிற கயிறு அது. முட்டிக்கு உள்ளேயே இரண்டு நார்கள் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே போகின்றன. அவற்றில் முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் அறுந்து போவது. டாக்டர்கள் சீட்டில் ஏ.சி.எல். என்று எழுதுவார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், கால் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை.

இன்னொன்று, மெனிஸ்கஸ். இதற்கு நம் ஊரில் தனிப்பெயர் கிடையாது. நான் அதைச் சும்மாடு என்று சொல்லிக் கொடுக்கிறேன். தாய்மார்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தின் அடிப்பாகம் உருண்டை. தலை அதற்குச் சரியாகப் பொருந்தாது. நடுவிலே துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தால் குடம் ஆடாமல் உட்காருகிறது, பாரமும் ஒரே இடத்தில் குத்தாமல் பரவுகிறது. முட்டியிலும் அதே சங்கதிதான். தொடை எலும்பின் அடி உருண்டையாக இருக்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்பக்கம் ஏறக்குறைய தட்டையாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பிறைநிலா வடிவத்தில், உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்று என்று, ஒவ்வொரு முட்டியிலும் இரண்டு சும்மாடுகள். கால் நீட்டி நிற்கும்போது முட்டியில் இறங்குகிற பாரத்தில் பாதியளவை இவை தாங்குகின்றன. முட்டியைச் செங்கோணத்துக்கு மடக்கினால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இவற்றின் மேல்தான் விழுகிறது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து களை பறிக்கிறவர்கள், அம்மியில் அரைக்கிறவர்கள், கழிப்பறையில் குந்துகிறவர்கள் எல்லோரும் இதை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கயிறும் சும்மாடும் நம் பக்கத்தில் எப்படிப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியும். தைப் பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். மாட்டைப் பிடித்துத் தொங்கிய இளைஞன் கீழே விழும்போது பாதம் மண்ணில் ஊன்றிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். கொம்பு பட்ட காயத்தை நாலு பேர் பார்ப்பார்கள், ஓடி வந்து தூக்குவார்கள். இந்தக் காயத்தை யாரும் பார்ப்பதில்லை. கபடியிலும் இதே கதைதான். ஆனால் மாடும் கபடியும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வைகைப் பாசன வயலில் சேற்றில் கால் புதைந்திருக்கும்போது நாற்றுக்கட்டோடு திரும்பினாலும் போகும். எக்ஸ்.எல். வண்டியில் நெல்மூட்டையோடு சாய்ந்து, காலை ஊன்றித் தடுத்தாலும் போகும். கயிறு அறுகிற அதே நொடியில் சும்மாடும் கிழிவது சர்வ சாதாரணம். அன்றைக்குக் கிழியாவிட்டாலும், அறுந்த கயிற்றோடு மாதக்கணக்கில் வேலை பார்த்தால், முட்டி நழுவ நழுவச் சும்மாடு நைந்து கிழியும். வீக்கம் வடிந்துவிட்டது, எண்ணெய்க் கட்டுப் போட்டாயிற்று என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வருகிறவர்களின் முட்டியில் டாக்டர்கள் பார்ப்பது இதைத்தான்.

கட்டு வைத்தியரை நான் குறை சொல்ல வரவில்லை. எலும்பு முறிவைப் பிடித்துக் கட்டலாம். உள்ளே அறுந்த நாரை வெளியே கட்டுகிற கட்டு சேர்க்காது, அவ்வளவுதான்.

இப்போது ஆபரேஷனுக்கு வருவோம். முட்டியை அகலமாகத் திறக்கிற காலம் போய்விட்டது. பென்சில் பருமனுக்கும் குறைந்த ஒரு குழாயை உள்ளே விட்டுத் திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். இந்தக் கலைக்கு வழிகாட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். 1918ஆம் ஆண்டில் டோக்கியோவில் தக்காகி என்ற பேராசிரியர் இறந்தவர் ஒருவரின் முட்டிக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். அவருடைய சீடர் வாட்டனாபே 1962ஆம் ஆண்டில் அதே வழியாகக் கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். அந்தக் காலத்தில், கிழிந்ததை எடுத்து எறிந்துவிட்டால் தீர்ந்தது என்பதே பல டாக்டர்களின் எண்ணம். அப்படிச் சும்மாட்டை எடுத்துவிட்ட முட்டிகள் எக்ஸ்ரே படத்தில் எப்படி மாறிப் போகின்றன, எலும்பின் ஓரம் எப்படித் தட்டையாகி இடைவெளி குறைகிறது என்று இங்கிலாந்தில் பேர்பாங்க் என்ற மருத்துவர் 1948ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். உலகம் காது கொடுக்க வெகுகாலம் ஆயிற்று. இன்றைக்கு, முடிந்தவரை தைத்துக் காப்பாற்று, முடியாத இடத்தை மட்டும் வெட்டு என்பதுதான் முறை.

ஏன் சிலதைத் தைக்கிறார்கள், சிலதை வெட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்குத்தான் இரத்த ஓட்டம் உண்டு. வாய்க்கால் பாயும் வயல் மாதிரி அங்கே தைத்தால் பிடித்துக்கொள்ளும். உள் ஓரம் மானாவாரி நிலம்கூட இல்லை, வெறும் கரடு. அங்கே கிழிந்தது தானாக ஒட்டுவது அரிது.

கயிற்றுக்கு என்ன செய்கிறார்கள்? அறுந்த நாரை முடிச்சுப் போட்டால் பெரும்பாலும் நிற்காது. ஆகையால் உங்கள் தொடையின் பின்புறத்திலிருந்தோ, முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நரம்புப் பட்டையை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதுக் கயிறாக இழுத்துக் கட்டுகிறார்கள். (நரம்பு என்று வழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது உணர்ச்சி நரம்பு இல்லை, தசையின் நுனி. ஆபரேஷனில் நரம்பை உருவிவிட்டார்கள் என்று ஊரில் யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.)

இனி நான் சொல்வதைக் கணவன்மார்களும் மனைவிமார்களும் சேர்ந்தே கேளுங்கள். கட்டிய புது நாருக்கு முதலில் இரத்த ஓட்டம் கிடையாது. உடம்பு அதை மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கிற காலம். ஆனால் வலி எப்போது குறைகிறது? அதே ஆறாவது வாரத்தில்தான்! வலி இல்லை, வீக்கம் இல்லை, ஊன்றுகோலைப் போட்டாயிற்று. அறுப்பு வேறு வந்துவிட்டது. "சும்மா ஒரு நடை களத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்புகிறார் நம் ஆள். நடை களத்தோடு நிற்குமா? மூட்டைக்குக் கை போகும்.

கபடிக்கோ மாட்டுக்கோ திரும்புவது 9 மாதத்துக்கு முன்னால் கூடாது, அதற்கு மேலும் டாக்டர் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான். ரிஷப் பந்த் என்ற கிரிக்கெட் வீரரை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். 2022 டிசம்பர் 30ஆம் தேதி கார் விபத்தில் வலது முட்டி நார்கள் அறுந்து, 2023 ஜனவரியில் மும்பையில் ஆபரேஷன் செய்துகொண்டார். மறுபடி ஆட்டத்துக்கு வந்தது 2024 மார்ச்சில். எந்நேரமும் கூடவே பயிற்சியாளரும் வைத்தியரும் இருக்கிற ஒருவருக்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நமக்கு என்ன அவசரம்? மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2023 ஆகஸ்டில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு, மறு ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை மல்லுக்கட்டினார். எடை நூறு கிராம் கூடிப்போய் வெளியேறியது வேறு கதை. முட்டி அவரைக் கைவிடவில்லை.

சரி, ஸ்கேன் எதற்கு?

கயிறு கட்டியாயிற்று, சும்மாடு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு. தைத்த இடம் பிடித்ததா, அல்லது சும்மாடு இடம் விட்டு வெளியே பிதுங்கிவிட்டதா என்பது முக்கியமான கேள்வி. குடத்துக்கும் தலைக்கும் நடுவே இருக்க வேண்டிய துணி காதோரம் வந்து தொங்கினால் என்ன பிரயோசனம்? துணி இருக்கிறது, ஆனால் பாரத்தைத் தாங்கவில்லை. அப்படிப் பிதுங்கிய மெனிஸ்கஸ் உள்ளவர்களுக்கு எலும்பும் எலும்பும் உரசி, முட்டித் தேய்மானம் சீக்கிரமாக வருகிறது. முப்பது வயதில் ஆபரேஷன் செய்தவர் நாற்பத்தைந்து வயதில் மாடிப்படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வலி வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்னாலேயே தெரிந்தால், பாரத்தைக் குறைக்கலாம், தொடைத்தசையைப் பலப்படுத்தலாம், வேண்டுமானால் டாக்டர் மறுபடி உள்ளே பார்க்கலாம்.

மெனிஸ்கஸை முழுசாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. படமே சிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பு அதைத்தான் எடுத்திருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பின்பும் சந்தேகம் வந்தால் அதுதான். ஆனால் அதற்கு முறை வரக் காத்திருக்க வேண்டும், குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும், எலும்பில் வைத்த உலோகத் திருகோ பொத்தானோ பக்கத்தில் இருந்தால் அந்த இடம் படத்தில் கொஞ்சம் கலங்கித் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது படுத்திருக்கும் முட்டியின் படம். பாரம் ஏறாத முட்டி.

அல்ட்ராசவுண்டு ஸ்கேன் என்பது ஒலியால் எடுக்கிற படம். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைப் படமாக்குகிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டு ஆழம் பார்ப்போமே, அந்த மாதிரி. கதிர்வீச்சு கிடையாது. முட்டியின் பக்கவாட்டில் பசை தடவி, கருவியின் தலையை வைத்தால், மெனிஸ்கஸின் வெளி ஓரம் ஒரு முக்கோண ஆப்பு மாதிரி வெளுப்பாகத் தெரியும். அது எலும்பின் விளிம்பைத் தாண்டி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று திரையிலேயே அளக்கலாம். 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய பிதுக்கம் என்பது பொதுவான கணக்கு. இதில் ஒரு பெரிய வசதி என்னவென்றால், உங்களை நிற்க வைத்தே பார்க்கலாம். படுத்திருக்கும்போது ஒழுங்காக இருக்கிற சும்மாடு, குடம் ஏறியதும் பிதுங்குகிறதா என்று கண்ணெதிரே தெரியும். முட்டியை மடக்கி நீட்டச் சொல்லியும் பார்ப்பார்கள். நல்ல முட்டியிலும் நிற்கும்போது சிறிதளவு வெளியே வரும். ஆதலால் ஆபரேஷன் ஆகாத காலையும் சேர்த்துப் பார்த்து ஒப்பிடுவது நல்லது. டாக்டர் மறந்தால் நீங்கள் கேட்கலாம், தப்பில்லை.

இதனால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒலி எலும்பைத் துளைத்துப் போகாது. ஆகவே மெனிஸ்கஸின் உள் ஓரமும், அது எலும்பில் வேர் பிடித்திருக்கிற இடமும், ஆழத்தில் இருக்கிற புது நாரும் இதில் சரியாகத் தெரியாது. பார்க்கிறவருடைய கைப்பழக்கத்தைப் பொறுத்தும் இருக்கிறது. வயிற்று ஸ்கேன் நன்றாகப் பார்க்கிறவர் எல்லோரும் முட்டி ஸ்கேன் பார்ப்பார்கள் என்பதில்லை. மூட்டு பார்த்துப் பழகியவரிடம் போவது உத்தமம். ஸ்கேன் சீட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தும் முட்டி மாட்டிக்கொள்கிறது, நழுவுகிறது என்றால், சீட்டை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அப்போது எம்.ஆர்.ஐ.தான் பேச வேண்டும். அதேபோல, தைத்து ஆறிய மெனிஸ்கஸில்கூடப் படத்தில் பல மாதங்களுக்கு ஒரு கோடு தெரியலாம். "திரும்பக் கிழிஞ்சு போச்சாம்ல" என்று அதை வைத்து அழ வேண்டாம். உங்கள் நடையையும், வீக்கத்தையும், படத்தையும் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா, தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வாருங்கள். தொடை வரை தூக்கிவிடக்கூடிய கைலியோ தளர்ந்த பாவாடையோ உடுத்தி வாருங்கள். பெண்கள், கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

அந்தத் தங்கச்சியின் கேள்வியில் பாதி மிச்சம் இருக்கிறது. பிள்ளை ஸ்கேனும் முட்டி ஸ்கேனும் ஒன்றா? தத்துவம் ஒன்றேதான். 1958ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவரும் அவருடைய தோழர்களும் இந்த ஒலிப் படங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். வயிற்றுக்குள் கட்டியா குழந்தையா என்று அறிவதற்காக வந்த கருவி அது. நம் நாட்டில் அதைச் சிலர் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதை நான் உசிலம்பட்டி பக்கத்தில் சுற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1980களில் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கதியை இந்த மாவட்டம் அறியும். அதனால்தான் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதும் குற்றம், சொல்லச் சொல்லிக் கேட்பதும் குற்றம். கேட்டவருக்கு முதல் தடவையிலேயே 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். முட்டி ஸ்கேன் எடுக்கப் போன இடத்திலும் அந்த அறிவிப்புப் பலகை சுவரில் தொங்குவது இதனால்தான். கருவியைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், நினைத்த இடத்துக்கெல்லாம் தூக்கி வர முடியாது. "கையில தூக்குற மிஷினுதானே, முகாமுக்குக் கொண்டாரக் கூடாதா" என்று கேட்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். கொஞ்சம் சிரமந்தான். அந்தச் சிரமத்துக்கு நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

காலைத் தூக்கி வைக்கத் தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்கடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கால் முழுசாக நீளாமல் மடங்கியே பழகிவிடும். அந்தக் கால் பிறகு நொண்டும். இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காமல் செய்யுங்கள். படுத்திருக்கும்போதே முட்டியை அழுத்தி நீட்டி, தொடைச் சதையை இறுக்கி இறுக்கி விட வேண்டும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லலாம். எண்ணெய் போட்டு நீவுகிறேன் என்று கெண்டைக்காலைப் பிசைவது மட்டும் கூடவே கூடாது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மெனிஸ்கஸைத் தைத்திருந்தால், முதல் 4 முதல் 6 வாரத்துக்கு முட்டியைச் செங்கோணத்துக்கு மேல் மடக்க விடமாட்டார்கள். முழுசாகக் குந்துவது பல மாதங்களுக்கு ஆகாது. நம் வீடுகளில் இங்கேதான் சிக்கல். கழிப்பறை குந்துகிற மாதிரி, இல்லாவிட்டால் கண்மாய்க்கரை. பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டிக் கழிப்பறைமேல் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அருமையான யோசனை, கால்கள் வழுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாப்பாட்டைத் தரையில் வைக்காமல் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கோயிலில் விழுந்து கும்பிடுவதைத் தள்ளிப் போடட்டும், சாமி கோபிக்காது. தாம்பத்தியத்தைப் பற்றி வாய் திறந்து கேட்க வெட்கப்படுகிறார்கள். தையல் ஆறி, வலி அடங்கிய பிறகு தடையில்லை. முட்டி போட்டு ஊன்றுவதும், முட்டியைத் திருகுவதும் கூடாது. அவ்வளவே.

ஆபரேஷன் செய்துகொள்ளப் போவது மனைவி என்றால், ஒரு கேள்வியை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். மாலா-என், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதில் இருக்கிற ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் தன்மையைச் சற்றே கூட்டும். காலை அசைக்காமல் படுக்கும்போது கெண்டைக்கால் இரத்தக் குழாயில் கட்டி உறைய அது இன்னும் இடம் கொடுக்கும். ஆகவே ஆபரேஷன் தேதி குறித்தவுடனேயே டாக்டரிடமும் நம் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லி, சில வாரங்கள் முன்பே மாத்திரையை நிறுத்தி, நிரோத் அல்லது காப்பர்-டி என்று வேறு வழிக்கு மாறிக்கொள்ளுங்கள். சொல்லாமல் நிறுத்திவிட்டு, முட்டிக்கட்டோடு கர்ப்பமாகி வந்து நிற்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, வலி மாத்திரை விழுங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள். கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டதால்தான் முட்டி வலிக்கிறது என்று சில அத்தைமார்கள் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆண்பிள்ளை முட்டி பிசகினால் வேன் பிடித்து மதுரைக்கு ஓடுகிறோம். வீட்டுப் பெண் வரப்பில் வழுக்கி முட்டி வீங்கி நின்றால், "பத்துப் போடு, சரியாப் போகும்" என்கிறோம். அவளும் "ஒண்ணுமில்லை, லேசா நழுவுது" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுகிறாள். ஒரே விளையாட்டை ஆடுகிற ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், இந்த முன் நார் அறுவது பெண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். நழுவுகிற முட்டியோடு குடம் சுமக்கிறவள், தலையில் ஒரு சும்மாட்டை வைத்துக்கொண்டு காலில் இரண்டை நைத்துக்கொண்டிருக்கிறாள். கணவன்மார்களே, உங்கள் மனைவி படியிறங்கும்போது சுவரைப் பிடிக்கிறாளா என்று இன்றைக்கு ராத்திரி பாருங்கள். பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

கெண்டைக்கால் விஷயத்தைப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். இதையும் அதே அல்ட்ராசவுண்டு ஸ்கேனில்தான் கண்டுபிடிக்கிறார்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108க்குப் போன் போடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு முட்டி சிவந்து, தையல் வழியே சீழ் வடிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முட்டி மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றாலும் தாமதிக்கக் கூடாது. கிழிந்த மெனிஸ்கஸின் துண்டு இடையில் சிக்கியிருக்கும்.

செலவைப் பற்றி இரண்டு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியிலிருந்து நடக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இப்போது இடம் உண்டு. உங்களுக்குச் சொன்ன முட்டி ஆபரேஷன் அதில் வருகிறதா, ஆபரேஷனுக்குப் பின் எடுக்கிற ஸ்கேனும் சேருமா என்பதை, படுக்கையில் சேருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட மேஜையில் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது. நம் பெரியவர்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்களே, அதேதான். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுக்க, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆள் வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

ஸ்கேனுக்குப் போகும்போது ஆபரேஷன் சீட்டை எடுத்துப் போக மறந்துவிடாதீர்கள். எந்த நார், மெனிஸ்கஸைத் தைத்தார்களா வெட்டினார்களா, எவ்வளவு வெட்டினார்கள் என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும். அது தெரியாமல் பார்க்கிறவருக்கு, வெட்டி எடுத்த இடம்கூடக் கிழிந்த இடம் மாதிரித் தெரியும். பழைய எம்.ஆர்.ஐ. படம் இருந்தால் அதையும் சேர்த்து, ரேஷன் கார்டோடு ஒரே பையில், எலி கடிக்காத இடத்தில் தொங்கவிட்டு வையுங்கள்.